டோட்டல் லாஸ் சார் பார்த்த பைக் படம்

உலகத்திலுள்ள எல்லாப் பொருளும் ஏற்கெனவே ஒருமுறை எதிலாவது மோதியதுதான் என்று நம்பிய ஒரே மனிதர் டோட்டல் லாஸ் சார். கொடைக்கானல் மலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அசையாமல் நடுரோட்டில் நிற்கும் காட்டுமாடுகூட அவர் வருவதைக் கண்டால் ஒதுங்கிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். நின்றால் ஒரு சுற்று சுற்றிவந்து, "இடது கொம்புல லேசா ஒடுக்கு" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அதற்கும் இருக்குமல்லவா?

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, என்ன சேதம், எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றவேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தரும் சர்வேயர் அவர். சரிசெய்வதைவிடப் பழைய இரும்புக்குப் போடுவது மேல் என்ற நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான் டோட்டல் லாஸ் என்று பெயர். அந்த இரண்டு சொற்களை அவர் சொல்லும்போது, ஒரு குடும்பமே முழுகிப்போனது போலிருக்கும். வொர்க்‌ஷாப் பையன்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

நான் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் கொடைக்கானல் கிளைக்கு மதுரையிலிருந்து மாற்றலாகிப் போனவன். கொடைக்கானல் என்றதும் உறவுக்காரர்கள் எல்லாரும் "குடுத்து வச்சவரு" என்றார்கள். அவர்கள் இரண்டு நாள் வந்து ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்கள். அங்கேயே குடியிருப்பவனுக்குக் கொடைக்கானல் என்பது காயாத காலுறை. மழைக்காலத்தில் துவைத்த துணி வாரக்கணக்கில் ஈரமாகவே தொங்கும். சீசன் வந்துவிட்டாலோ, தட்டையான ரோட்டில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் மலைப்பாதையில் இடித்துவிட்டு வந்த கார்களின் ஃபைல்கள் மேசையில் குவியும். பனியும் ஃபைலும், ஃபைலும் பனியுமாக நான் அலுத்துப்போயிருந்த காலம் அது.

முதல் நாள் எனக்கு ஒரு நாற்காலி தந்தார்கள். உட்கார்ந்தேன். குடையை மடக்கியபடி ஒருவர் உள்ளே வந்தார். ஒல்லியான உடம்பு, காதை மூடிய கம்பளித் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. வணக்கம் சொன்னேன். பதிலுக்கு வணக்கம் வரவில்லை. என்னை நாற்காலியோடு சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு, கடைசிக் கொண்டை ஊசி வளைவில் ஏறி முடித்த பஸ்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"பின்னங்கால் ரெண்டும் போச்சுங்க. டோட்டல் லாஸ்."

"என்னங்க சொல்றீங்க?" என்று திரும்பினேன். திரும்பியதுதான் தாமதம், நாற்காலி தரையில் உட்கார்ந்தது. நானும் அதன்மேல் உட்கார்ந்தேன். என்னைத் தூக்கிவிட ஓடிவந்தது அலுவலகத்தில் டீ போட்டுத் தரும் பாக்கியம் அக்கா. சார் என் பக்கம் திரும்பவே இல்லை. உடைந்த நாற்காலிக் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேனேஜர் நிர்மலா மேடம் ஒருநாள் தன் பேரனை அலுவலகத்துக்குத் தூக்கிவந்தார். ஆளாளுக்குக் கொஞ்சினோம். சார் குழந்தையை வாங்கி, கைவிரல், கால்விரல், காது, முதுகு எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ் மேடம். பெயிண்ட்கூட உதிரலை."

மேடம் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் குழந்தையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைத்துப் போனது நாங்கள் செய்த பெரிய தவறு. மண்டப வாசலில் பூ அலங்காரத்தோடு ஒரு கார் நின்றது. பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது. சார் பூச்சரத்துக்கு அடியில் கையை விட்டுக் கதவைத் தடவினார். நேராக மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய், "இது மாத்துன கதவுங்க. இந்த வண்டி ஒருதடவை உருண்டுருக்கு" என்றார், வானிலை சொல்வது போல. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் நாதஸ்வரம் யாருக்கும் கேட்கவில்லை. பந்தி போடவே பொழுது சாய்ந்துவிட்டது.

இப்படிப்பட்டவர் இருசக்கர வாகனத்தில் மட்டும் ஏறமாட்டார். வீடு அடிவாரத்தில், கன்னிவாடியில். வருவதும் போவதும் பஸ்தான். பஸ் போகாத மலைக்கிராமம் என்றால் முட்டைக்கோஸ் லாரியில் ஏறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போவார். என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன்.

"வேணாங்க. காருக்கு பம்பர் இருக்கு. பஸ்ஸுக்கு பம்பர் இருக்கு. டூவீலருக்கு நம்மதாங்க பம்பர்."

எதைச் சொன்னாலும் அவர் குரலில் ஒரு களைப்பு இருக்கும். பெரும்பாறையில் மிளகு லாரி கவிழ்ந்தது, பன்றிமலை ரோட்டில் ஜீப் பிரேக் பிடிக்கவில்லை என்று போன் வரும்போதெல்லாம், யாரோ அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது போல, "சரி, வர்றேன்" என்பார். அந்த மலையில் நடக்கிற எல்லா இடியும் கடைசியில் தன்மேல் வந்துதான் முடிகிறது என்பது போன்ற ஒரு முகம்.

இந்த நிலையில்தான் கார்த்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தான். பழனிக்காரன். பாலிசி பிடிக்கும் வேலை. பழனிக் கோயில் அடிவாரத்தில் அவன் அம்மா தேங்காய், பழம், பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். நல்ல பையன், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டான். ஆனால் அவனிடம் பெரிய சிவப்பு பைக் ஒன்று இருந்தது. அதை ஸ்டார்ட் செய்தால் எங்கள் பீரோவில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பாதையில் யார் முதலில் போவது என்று பறப்பார்கள்.

அவன் அம்மா எனக்கு அடிக்கடி போன் செய்வார். "சார், உங்க பேச்சைக் கேப்பான். அந்தச் சனியனை வித்துட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கச் சொல்லுங்க சார்."

சொல்லிப் பார்த்தேன். "சார், கன்ட்ரோல் நம்ம கையில இருக்கும்போது என்ன பயம்?" என்று சிரித்தான். மேடம் சொன்னார். அவரிடமும் சிரித்தான். சொல்லிச் சொல்லி எங்களுக்குத்தான் வாய் வலித்தது.

ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. பயிற்சி வகுப்புக்கென்று மேலிடத்திலிருந்து அனுப்பிய ப்ரொஜெக்டர் பெட்டி பிரிக்காமலேயே கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கார்த்தி அதை எடுத்துத் துடைத்தான்.

"மேடம், ஒரு டாக்குமெண்டரி இருக்கு. ஒன்றரை மணி நேரந்தான். பாத்தீங்கன்னா என்னைய அப்புறம் திட்டவே மாட்டீங்க."

மேடம் மழையைப் பார்த்தார், ஃபைல்களைப் பார்த்தார், "போடுப்பா" என்றார். வெள்ளைச் சுவரில் படம் விழுந்தது. பாக்கியம் அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். டோட்டல் லாஸ் சார் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரும் முன் ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

படம் எங்கோ ஒரு குளிர்நாட்டில் நடக்கும் பைக் பந்தயம் பற்றியது. பந்தயத்துக்கென்று தனி மைதானம் இல்லை. ஜனங்கள் காய்கறி வாங்கப்போகும் ஊர் ரோட்டையே சில நாட்களுக்கு மூடிவிட்டு ஓட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், விளக்குக் கம்பம், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை ஜன்னல். அதற்கு நடுவில் புடவை கிழிகிற சத்தத்தோடு வண்டிகள் போகின்றன. வருகிறது என்று கண் சொல்வதற்குள் போய்விட்டது என்று காது சொல்கிறது. சுவர்மேல் உட்கார்ந்து ஜனங்கள் ரொட்டி தின்றுகொண்டு பார்க்கிறார்கள்.

என் வலதுகால் தானாகத் தரையை மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தது. கார்த்தி எங்கள் முகங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "சார், புல்லரிக்குதா? எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும்."

மேடத்துக்கு வேறு கவலை. "ஏம்ப்பா, இவங்களுக்கெல்லாம் எந்தக் கம்பெனி பாலிசி குடுக்குது? பிரீமியம் எப்படிப் போடுறாங்க?"

பாக்கியம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளைகளுக்கு ஆத்தா அப்பன் இல்லீங்களா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் படத்தில் ஓர் அம்மா வந்தாள். மகனுக்கு டீ ஊற்றிக்கொடுத்து, அவன் சட்டையின் ஜிப்பை இழுத்துவிட்டு, கையசைத்து அனுப்பினாள். அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "அடியாத்தீ, இவதான் ஆத்தாளா! டீயக் குடுத்துல்ல அனுப்புறா!" என்றவர், தன் கையிலிருந்த டீத்தட்டைத் தூரமாகத் தள்ளிவைத்தார்.

ஒரு வண்டி வளைவில் வழுக்கிக் கல்சுவரில் மோதி, துண்டு துண்டாகப் பறந்தது. எல்லாரும் "ஐயோ" என்றோம். பின்னாலிருந்து களைத்த குரல் கேட்டது.

"முன் ஃபோர்க் போச்சு. டேங்க் போச்சு. ஹேண்டில்பார் ரெண்டு துண்டு. சேஸிஸ் நெளிஞ்சிருக்கும்."

அவ்வளவு பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப்பிறகு ஒவ்வொரு விபத்துக்கும் அவரை எதிர்பார்த்தோம். அவரும் ஏமாற்றவில்லை. ஒருவன் விழுந்து எழுந்து நொண்டிக்கொண்டே போனான். சார் அவன் வண்டியின் சைலென்ஸரைப் பற்றி வருத்தப்பட்டார். மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசிப் பகுதியில், பந்தயத்தில் இறந்துபோன ஒருவனின் மனைவி பேசினாள். சின்னப் பெண். கண்ணீர் விடவில்லை. வண்டி ஓட்டுவது அவனுக்கு மூச்சு விடுவது போல என்றும், நான் எப்படி வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றும் கேட்டாள். அவள் பேசி முடித்ததும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். அவன் முதன்முதலில் வாங்கிய பைக் அங்கே நின்றது.

"பாத்தீங்களா மேடம்? இதுதான் புரிஞ்சுக்கிறது" என்றான் கார்த்தி.

"நிறுத்துங்க தம்பி" என்றது பின்னாலிருந்து வந்த குரல்.

கார்த்தி படத்தை நிறுத்தினான். சார் எழுந்து சுவருக்கு அருகே போனார். அந்தக் கொட்டகையும் வண்டியும் அவர் முதுகின்மேல் விழுந்தன. வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றப் போனார். சுவர் முட்டியது. நின்றுவிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு கீறல் இல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "டயர்ல காத்து இருக்கு" என்றார்.

"அதுக்கென்ன சார்?"

"ஓட்டாத வண்டிக்கு காத்து எறங்கிரும் தம்பி. நான் பாக்குற வண்டியெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல, டயர் சப்பிப்போயிக் கெடக்கும். இதுக்குக் காத்து நிக்குதுன்னா, அந்தப் பொண்ணு மாசாமாசம் அடிச்சு வைக்குது."

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மீதிப் படம் முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு பாகத்தின் பெயர்கூட வரவில்லை. பாக்கியம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே டம்ளர்களை எடுத்துப்போனார்.

விளக்கைப் போட்டதும் சார் கார்த்தியிடம் கேட்டார். "நாளைக்கு எங்கே?"

"கூக்கால் ஏரி வரைக்கும் சார். பசங்க வர்றாங்க."

"நானும் வர்றேன். உங்க வண்டியில."

மேடம் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. கார்த்தி தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று என்னைப் பார்த்தான்.

"கூக்கால்ல ஒரு பிக்கப் வேன்மேல மரம் விழுந்த கேஸ் ஒண்ணு கெடக்கு. ஞாயித்துக்கெழமை அந்தப் பக்கம் பஸ் சரியா கெடையாது" என்றார் சார்.

அந்தக் கேஸ் முடிந்துபோனது எனக்குத் தெரியும். ஃபைலை மூடியவனே நான்தான். வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"நீங்களும் ஸ்கூட்டரை எடுத்துட்டு வெள்ளனே வந்துருங்க" என்றார் என்னிடம். "என் பையும் குடையும் யாரு தூக்குறது? எனக்கு ரெண்டு கையும் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மழை ஓய்ந்து, பனி மட்டும் மிச்சமிருந்தது. வாரத்தில் ஒரே ஒருநாள் போர்வைக்குள் கிடக்கலாம் என்றிருந்தவன், அவர் குடையை ஸ்கூட்டரில் செருகிக்கொண்டு அலுவலக வாசலில் நின்றேன். சார் சிவப்பு பைக்கை ஒன்றுக்கு இரண்டு முறை சுற்றினார். பின்னால் உட்காரும் இடத்தைக் கையால் அளந்தார்.

"இது சீட்டா? சோப்பு டப்பா மூடி மாதிரி கெடக்கு."

அவரை அதன்மேல் ஏற்ற நானும் கார்த்தியும் பட்ட பாட்டுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றியிருக்கலாம். ஏறியதும் கார்த்தியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பெற்ற அம்மாகூட அவனை அப்படிக் கட்டிக்கொண்டிருக்கமாட்டார். கூட்டாளிகள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, பூம்பாறையில் பார்க்கலாம் என்று பறந்துவிட்டார்கள்.

நாங்கள் பறக்கவில்லை.

முதல் வளைவிலேயே, "நிறுத்துங்க தம்பி" என்றார்.

"என்ன சார்?"

"இங்கதான் ஒரு டூரிஸ்ட் வேன். ரேடியேட்டர் இஞ்சினுக்குள்ள வந்துருச்சு."

"சரி சார்."

"சரின்னா? மெதுவாப் போங்க."

அடுத்த வளைவில் ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் காட்டினார். "பட்டை உரிஞ்சு கெடக்குல்ல? அது வெள்ளைக் கார் மரம். அதுக்கு அங்கிட்டு நிக்கிறது ஜீப் மரம்." எங்களுக்கு வெறும் காடாகத் தெரிந்த இடமெல்லாம் அவருக்கு ஃபைலாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல கார்த்தியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் வந்த நான் அந்த ராட்சத பைக்கின்மேல் மோதிவிடாமலிருக்க என் பழைய ஸ்கூட்டருக்குப் பலமுறை பிரேக் போடவேண்டியிருந்தது. மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிய பால்காரர் ஒருவர் எங்களை முந்தினார். முந்தும்போது கார்த்தியைப் பார்த்து, "பெட்ரோல் தீந்துருச்சா தம்பி?" என்று அக்கறையோடு கேட்டார். கார்த்தியின் காது இரண்டும் வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டன.

பூம்பாறையில் கூட்டாளிகள் வடை தின்று, டீ குடித்து, மறுபடி வடை தின்று முடித்திருந்தார்கள்.

"என்ன மச்சான், சாமி ஊர்வலமா? நடுவுல தீபாராதனை எல்லாம் ஆச்சா?" என்றான் அருண். அந்தக் கூட்டத்திலேயே துடுக்கானவன் அவன். "இங்கேருந்து கூக்கால் ஏரி. கடைசியா வர்றவன் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கித் தரணும்."

மூன்று வண்டிகளும் சீறிக்கொண்டு போயின. கார்த்தி கொஞ்சதூரம் பொறுத்தான். வயசுப் பையன், எவ்வளவுதான் பொறுப்பான்? ஒரு நேர்ப்பாதை வந்ததும் முறுக்கினான். வண்டி ஒரு துள்ளுத் துள்ளிப் பனிக்குள் போய் மறைந்தது. "சார்!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

என் ஸ்கூட்டர் எவ்வளவு போகுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவதோ நான்காவதோ வளைவு தாண்டியதும், பைக் ஓரமாக நின்றது. இருவரும் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சார் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"என்னாச்சு?" என்றேன்.

கார்த்திதான் பேசினான். "கத்துவாருன்னு நெனச்சேன் சார். ஒரு வார்த்தை பேசலை. என் முதுகுல சாஞ்சுக்கிட்டாரு. அவரு நெஞ்சு அடிக்கிறது ஜாக்கெட்டத் தாண்டி என் முதுகுல அடிக்குது சார். இஞ்சின் சத்தத்தைவிட அதுதான் பெருசாக் கேட்டுச்சு. கை தானா ஆக்ஸிலேட்டரை விட்டுருச்சு."

சார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினார்.

"உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் தம்பி. கூக்கால்ல எனக்குச் சோலி ஒண்ணும் இல்லை."

"தெரியும் சார்."

"உங்க வீட்டுல யாருக்காவது முன்னாடி இப்படி..." என்று நான் இழுத்தேன்.

"இல்லைங்க. என் வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க." ஹெல்மெட்டை மெல்லக் கழற்றினார். தலைமுடி நனைந்திருந்தது. "இத்தனை வருஷமா இந்த மலையில வண்டியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நான் போறதுக்குள்ள ஆளத் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஆளு யாரு, எந்த ஊரு, வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா, ஒண்ணும் தெரியாது. தெரியாததுனாலதான் இத்தனை காலம் பாக்க முடிஞ்சுது. நேத்து அந்தப் படத்துல ஆளை முதல்ல காட்டிட்டாங்க. ராத்திரி பூரா கண்ணை மூடினா அந்தப் பொண்ணு காத்து அடிக்குது. அசதியா இருக்கு தம்பி. ரொம்ப அசதியா இருக்கு."

கார்த்தி தன் கையுறையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டான். பிறகு வண்டியைக் கிளப்பி, யாரும் சொல்லாமலே மெதுவாகப் போனான்.

கூக்காலுக்குப் பிரிகிற பாதையில் கொஞ்சதூரத்தில் மற்றவர்களைப் பிடித்துவிட்டோம். நாங்கள் வேகமாகப் போய்ப் பிடிக்கவில்லை. அவர்கள் நின்றிருந்தார்கள். பூண்டு வயலிலிருந்து ஏறிய வண்டிச் சக்கரங்கள் ரோட்டில் ஈரமண்ணைப் பூசிவிட்டுப் போயிருந்தன. அருணின் பைக் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. அருண் ரோட்டோரத்தில் மல்லாந்து கிடந்தான். மற்ற இருவரும் யாருக்குப் போன் செய்வதென்று தெரியாமல், சிக்னல் இல்லாத போனை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்தி வண்டியை நிறுத்தும் முன்பே சார் இறங்கிவிட்டார். ஏறும்போது இரண்டு பேர் தேவைப்பட்ட மனிதர் எப்படி இறங்கினார் என்று இன்றுவரை தெரியவில்லை. நேராக அருணிடம் போய் மண்ணில் முட்டி போட்டார்.

"தம்பி, இங்க பாருங்க. பேரு என்ன?"

"அருண்..."

"கால்விரலை அசைங்க. ஆங். இந்தக் கையைப் பிடிங்க. அழுத்துங்க. தலையத் தூக்காதீங்க, அப்படியே கெடங்க. ஏலே, யாராச்சும் ஒரு போர்வையோ ஜாக்கெட்டோ போடுங்கப்பா, பிள்ளைக்குக் குளுருது!"

கூட்டாளிகளில் ஒருவன் பள்ளத்தைக் காட்டினான். "சார், நீங்க சர்வேயர்தான? வண்டியக் கொஞ்சம் பாருங்க சார், புது வண்டி..."

"அது கெடக்கு" என்றார் சார், திரும்பாமலே.

சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது. மறித்து, சாக்குகளை ஒதுக்கி, அருணை ஒரு பலகையில் அசையாமல் படுக்கவைத்துத் தூக்கி ஏற்றினோம். சார் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் ஸ்கூட்டரில் போன எனக்குக் கொடைக்கானல் வரும்வரை அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா பேர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டாய், வடைக்குச் சட்னி நன்றாக இருந்ததா என்று அவனைத் தூங்கவிடாமல் பேசவைத்தார். நடுநடுவே வேனின் கேபினைத் தட்டி, "மெதுவாய்யா! வெரசாவும் போகணும், மெதுவாவும் போகணும்!" என்று கத்தினார். டிரைவர் பாவம், அதையும் எப்படியோ செய்தார்.

தோள்பட்டை எலும்பு ஒன்றும் மணிக்கட்டும் உடைந்திருந்தன. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் சார் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த பெஞ்சை அவர் சுற்றிப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

அருணின் பைக்குக்கு இன்சூரன்ஸ் எங்கள் கிளையில்தான் எடுத்திருந்தார்கள். ஃபைல் சாரிடம் போனது. அன்றே திரும்பி வந்தது. "நான் அந்த வண்டியப் பாக்கலை மேடம். வேற ஆளுக்கு அனுப்புங்க" என்றார். திண்டுக்கல்லிலிருந்து வேறு சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கதையில் வருவது போல எல்லாரும் திருந்திவிடவில்லை. கார்த்தி பைக்கை விற்கவில்லை. அருண் கை சரியானதும் இன்னும் பெரிய வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டான். சாரும் அதற்குப்பிறகு எந்த டூவீலரிலும் ஏறவில்லை. ஆனால் வேறொரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் கார்த்திக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒவ்வொருவராகப் போன் போடுவார். எங்கே கிளம்புகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மறுபடி போன். அதற்கும் எடுக்காவிட்டால் அம்மாவுக்குப் போன். "சார், மலையில ரோடு இருக்கிறதே மறந்துபோச்சு சார், போன் எடுக்குறதுக்கே ஊருக்கு ஊர் நிறுத்த வேண்டியிருக்கு" என்று கார்த்தி என்னிடம் புலம்பினான். அவன் அம்மாவோ சாருக்குப் பழனியிலிருந்து மாதாமாதம் பஞ்சாமிர்தம் அனுப்பினார்.

எப்படியோ அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன். இப்போது ஓய்வுபெற்று மதுரையில் இருக்கிறேன். பைக் கிடையாது, பழைய ஸ்கூட்டரையும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். கறிக்கடைக்கு நடந்துபோய் வருவதுதான் என் அதிகபட்ச சாகசம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னிவாடியிலிருந்து அந்தக் களைத்த குரல் வந்துவிடும்.

"எங்கயும் வெளிய கெளம்பலையேங்க?"

"இல்லைங்க சார்."

"சரி. போனா ஓரமாப் போங்க. வந்ததும் சொல்லுங்க."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். பல வாரம் எரிச்சலாக இருந்திருக்கிறது. என் மனைவி, "உங்க வார்டன் இன்னைக்குப் பேசிட்டாரா?" என்று கேலி செய்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அழைப்பு வரவில்லை. செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். கறி வாங்கப் போகவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்துபோய் நானே அவரைக் கூப்பிட்டேன்.

"பேத்தி போனைத் தண்ணிக்குள்ள போட்டுருச்சுங்க. இப்பத்தான் காயவச்சு ஆன் பண்றேன்" என்றார் அதே அலுப்போடு. "நீங்க பத்திரமா இருக்கீகல்ல?"

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு வேலையும் இல்லாததால், அந்த போன் நனைந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.